மாற்றுக் காணி

ஒரேயொரு வாக்கியத்தை மறுப்பதற்காக இந்தக் கட்டுரை.

போன வருசம் தெல்லிப்பழையில் ஒரு கலியாண வீடு. பந்தி முடிந்து, பெரியவர்கள் பந்தலுக்குக் கீழே கதிரைகளை இழுத்துப் போட்டு வெற்றிலைத் தட்டோடு இருந்த நேரம், பேச்சு காங்கேசன்துறைக் காணிகள் பக்கம் திரும்பியது. இராணுவத்திடமிருந்து இன்னும் விடுபடாத நாலு பரப்பு வளவுக்காக, உறுதியின் பிரதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் திரிகிற ஒரு வயோதிபரைப் பற்றி ஒருவர் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த இன்னொருவர், நிறையப் படித்தவர், நான் மதிக்கிறவர், ஆறுதலாகப் பதில் சொன்னார்: “மனுசரை நேசிக்கத் தெரியாத சனம்தான் மண்ணை நேசிக்கும். உது அன்பில்லை, பற்று. பற்றை விட்டாத்தான் அன்பு வரும்.”

பிறகு கிரேக்கர் அன்பை நாலாகப் பகுத்த கதையைச் சொன்னார். உடலை நாடும் ஏரோஸ், குடும்பப் பாசமாகிய ஸ்டோர்கே, நட்பாகிய ஃபிலியா, எல்லாவற்றுக்கும் மேலே எதையும் வேண்டாத அகாபே. ஒவ்வொரு படியாக ஏறவேண்டும், மேலே போகப் போகக் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது. சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் எழும்பி வந்துவிட்டேன். அப்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

இது அந்த ஒருவரின் கருத்து மட்டும் என்றால் விட்டிருக்கலாம். கோயில் மண்டபத்துப் பிரசங்கத்தில் இதைப் பற்றறுத்தல் என்ற பெயரில் கேட்டிருக்கிறேன். தேவாலயத்தில் நிபந்தனையற்ற அன்பு என்ற பெயரில் கேட்டிருக்கிறேன். இடம்பெயர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க வந்தவர்கள் கடந்ததைக் கடந்துபோகச் சொல்லித்தந்தார்கள். அரசாங்கக் கடிதங்களில் இதே எண்ணம் இரண்டு சொல்லில் வரும்: மாற்றுக் காணி. சொல்பவர்களின் வேடம் வேறு, உள்ளே இருக்கும் துணிபு ஒன்றுதான். அன்புகளுக்குள் ஊர்மேல் உள்ள அன்பு கடைசி, அதை அன்பென்று அழைப்பதே சலுகை.

முதலில் அந்த ஏணியைப் பார்ப்போம். நாலு வகை அன்பு என்ற பட்டியல் ஏதென்ஸ் நகரத்துத் தெருக்களில் மனப்பாடமாக இருந்த பட்டியல் அல்ல. அதை இந்த வடிவத்தில் பரப்பியது சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட ‘நான்கு அன்புகள்’ என்ற நூல். அதற்கு முன் 1930களில் ஸ்வீடன் நாட்டு லூத்தரன் இறையியலாளர் அண்டர்ஸ் நீக்ரென் ஏரோசையும் அகாபேயையும் எதிரெதிரே நிறுத்திப் பெரிய நூல் எழுதியிருந்தார். இப்போது ஏழு வகை, எட்டு வகை என்று சுற்றும் பட்டியல்களில் விளையாட்டுக் காதலுக்கு வைக்கும் ‘லூடஸ்’ என்ற சொல் கிரேக்கமே அல்ல, லத்தீன். அதை அன்பின் வகையாக ஆக்கியவர் கனடிய சமூகவியலாளர் ஜோன் அலன் லீ, ஆண்டு 1973. பழைய கிரேக்கச் சொற்களோ இப்படி வேலி போட்டு வாழவில்லை. எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமார்மேல் கொண்ட வெறிக்கும் அகாபேயின் வினைச்சொல்தான் வருகிறது. அந்த ‘அன்பு’ பலாத்காரத்தில் முடிந்தது. யோவான் எழுதிய சுவிசேஷத்திலோ, பிதா குமாரன்மேல் கொண்ட அன்புக்கு ஓரிடத்தில் ஃபிலியாவின் வினைச்சொல் நிற்கிறது. உச்சிப்படிக்குரியது என்று நாம் நினைக்கும் சொல் அடியில் கிடக்கிறது, நடுப்படிச் சொல் வானத்தில் இருக்கிறது.

லூயிசின் நூலைக் கையில் எடுப்பவர்கள் அதன் இரண்டாம் அத்தியாயத்தை வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். நாலு அன்புக்கும் முன்னால், மனிதருக்குக் கீழ்ப்பட்டவை மேல் நாம் கொள்ளும் விருப்புகள் என்று ஓர் அத்தியாயம் வைத்து, சொந்த இடத்தின்மேல் உள்ள அன்பை அவர் அங்கேதான் பேசுகிறார். இழிவாகப் பேசவில்லை, பரிவோடுதான் பேசுகிறார். ஆனாலும் அது நாலில் ஒன்றாகவில்லை. வீட்டுக்குள் விடாமல் முற்றத்தில் வைத்துச் சாப்பாடு போடுவது எப்படி இருக்கும் என்று யாழ்ப்பாணத்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏணி இன்னும் பழையது, பிளாட்டோவுடையது. ‘சிம்போசியம்’ உரையாடலில் சோக்கிரதீஸ் தனக்கு டயோட்டீமா என்ற பெண் கற்பித்ததாகச் சொல்கிறார்: ஓர் அழகிய உடலில் தொடங்கு, பிறகு எல்லா அழகிய உடல்களுக்கும் போ, பிறகு ஆன்மாக்களுக்கு, பிறகு சட்டங்களுக்கு, அறிவுக்கு, கடைசியில் அழகு என்ற ஒன்றுக்கே போ. கம்பீரமான பேச்சுத்தான். ஆனால் ஏறிப்போனவன் கீழே விட்டுவந்த அந்த முதல் ஆளுக்கு என்ன நடந்தது? தத்துவ அறிஞர் கிரெகரி விளாஸ்டோஸ் 1973இல் வெளிவந்த கட்டுரையில் இதைத்தான் கேட்டார். இந்த ஏணியில் நேசிக்கப்படுவது குணம், தனி ஆள் அல்ல என்றார். அழகுதான் வேண்டுமென்றால் அதே அழகோடு வேறொருவர் வந்தாலும் போதும் என்றாகிறது. என் வாதம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. அதற்கு முன் நம் சொந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

அன்பை வகுத்தவர்கள் கிரேக்கர் மட்டும் அல்ல. தொல்காப்பியம் ஏழாக வகுக்கிறது. ஒருதலையாக நிற்பது கைக்கிளை, பொருந்தாமல் நிற்பது பெருந்திணை, நடுவில் ஒத்த அன்பின் ஐந்திணை. இதில் முதற்பொருள் என்று எதைச் சொல்கிறது? தலைவனை அல்ல, தலைவியையும் அல்ல. நிலத்தையும் பொழுதையும். எந்த மண்ணில், எந்த நேரத்தில் என்று கேட்காமல் அது அன்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாது. உரிப்பொருளாகிய புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நிலம் கொடுக்கப்படாமல் வெளியே நிற்பவை எவை என்றும் பாருங்கள். கைக்கிளையும் பெருந்திணையும். ஒருதலையான அன்புக்கும் பொருந்தா அன்புக்கும்தான் நம் முன்னோர் ஊர் ஒதுக்கவில்லை. மண் ஒட்டாமல் மிதக்கும் அன்பு உயர்ந்தது என்று கலியாணப் பந்தலில் சொன்னவர், தமிழ்க் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

பாலையும் தனி நிலம் இல்லாதது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் தன்மை கெட்டால் அதுவே பாலையாகும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. காங்கேசன்துறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விளக்கம் நினைவுக்கு வரும். கடலோரம் நெய்தல். சற்று உள்ளே வந்தால் துலாக்கிணறும் வாழையும் புகையிலையும் வெங்காயமுமாகச் செம்மண். 1990 ஆனிக்குப் பிறகு அந்த நெய்தலையும் அந்தத் தோட்டங்களையும் பாலையாக்கியது வெயில் அல்ல.

அந்த ஊரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கொழும்பிலிருந்து வரும் தண்டவாளம் 1905இல் இங்கேதான் வந்து முடிந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிக்கும் இதுதான் கடைசித் தரிப்பு. 1893இல் எழுந்த வெளிச்சவீடு, 1950இல் வந்த சீமெந்துத் தொழிற்சாலை, துறைமுகம், பக்கத்தில் கீரிமலைக் கேணியும் நகுலேஸ்வரமும் மாவிட்டபுரமும். தொழிற்சாலைச் சங்கு ஊதும் சத்தத்துக்கு அடுப்பு மூட்டிய ஊர் இது. 1990இல் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கின் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது. ரெண்டு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்துச் சிலர் மாட்டை அவிழ்த்துவிட்டும், சிலர் கட்டியபடியேயும் போனார்கள். கட்டியபடி விட்டவர்கள் அந்த மாட்டைப் பற்றி இன்றும் கதைக்கமாட்டார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. சனம் மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் உறவினர் வீட்டுத் தாழ்வாரங்களிலும் கிடந்தது. போர் 2009இல் முடிந்தது. முகாம்கள் முடியவில்லை. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் வழக்குப் போட்டார்கள். ரயில் 2015 தை பிறந்தபோது மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டன, மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017இல். விடாதவை இன்னும் இருக்கின்றன.

இத்தனை வருசத்தில் இந்தச் சனத்திடம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட தீர்வு மாற்றுக் காணி. ஒரு பரப்புக்கு ஒரு பரப்பு, சில இடத்தில் கட்டிய வீட்டோடு. எடுத்தவர்கள் உண்டு. முகாம் குடிலில் குமர்ப் பிள்ளைகளை வைத்திருந்தவர் எடுக்காமல் என்ன செய்வார்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எடுத்தவர்களும் சொந்த வளவுக்கான மனுவைக் கிழித்துப்போடவில்லை. இங்கேதான் சொத்தாசையும் அன்பும் பிரிகின்றன. சொத்தாசைக்கு மாற்று உண்டு. நாலு பரப்பை எடுத்துக்கொண்டு, தார் றோட்டுக் கரையில், நல்ல தண்ணீரோடு ஐந்து பரப்புத் தந்தால் சொத்தாசை சிரித்துக்கொண்டு கைநீட்டும். இந்த மனுசர் ஏன் நீட்டவில்லை? அந்த ஐந்து பரப்பில் தகப்பன் வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கவில்லை. அந்தக் கிணற்றில் அவர்கள் முதன்முதல் துலா மிதித்ததில்லை. யாருடைய தாயையாவது எடுத்துக்கொண்டு, அதே வயதில், அவரைவிடச் சுகமான ஒருவரை மாற்றுத் தாயாகத் தருகிறோம் என்றால் அந்த வசனம் எவ்வளவு ஆபாசமாக இருக்கும். மாற்று என்ற சொல் எங்கே ஆபாசமாகிறதோ அங்கே இருப்பது அன்பு. வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது.

காணியாசை யாழ்ப்பாணத்தில் இல்லையா என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. விடுபட்ட காணியை விலை ஏறும்வரை பற்றை மண்ட விட்டு வைத்திருப்பவரும் இருக்கிறார். அவர் இருப்பதால் உறுதிப் பையோடு நடக்கும் அந்த வயோதிபரும் அவரே என்றாகாது. சீதனம் பேசிக் கட்டுபவன் இருக்கிறான் என்பதற்காகக் காதலே பொய் என்று யாரும் சொல்வதில்லையே.

இனி, எனக்கே கஷ்டமான எதிர்வாதத்துக்கு வருகிறேன். ஊர் அன்பு என்பது காணி வைத்திருந்தவனின் அன்பு, சாதிமானின் அன்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதை நான் மேலோட்டமாகத் தட்டிவிட மாட்டேன். எத்தனையோ குடும்பங்கள் பிறர் காணியில் குடியிருந்து, பிறர் தோட்டத்தில் கொத்தி, பிறர் பனையில் ஏறி வாழ்ந்தன. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நுழைவுரிமைக்காகப் போராட்டம் நடந்தது, அந்த வீதியில் அடி விழுந்தது. காணிகள் விடுபடத் தொடங்கிய பிறகும் முகாம்களில் எஞ்சி நின்றவர்களில் பலர் திரும்பிப் போகச் சொந்தக் காணி இல்லாதவர்கள். ஊர் அன்பைப் பாடுகிறவர்கள் இதை மறைத்தால் அந்தப் பாட்டு பொய்.

ஆனால் இந்த உண்மை எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது? காணி இல்லாதவரும் “எவடம்?” என்று கேட்டால் காங்கேசன்துறை என்கிறார், மயிலிட்டி என்கிறார். மயிலிட்டிக் கடற்றொழிலாளிக்குக் கடலுக்கு உறுதி இல்லை. அலைக்கும் நீரோட்டத்துக்கும் எவரும் உறுதி முடிப்பதில்லை. எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் படகு விடலாம், எந்தப் பார்மேல் வலை கிழியும் என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. இடம்பெயர்ந்து வேறு கரையில், வேறு ஆட்களின் இறங்குதுறையில் தயவு கேட்டு நின்ற காலம் முழுக்க அவர் தன் கரைக்காக ஏங்கினார். அவருடைய ஏக்கத்தில் சொத்தாசை எங்கே இருக்கிறது? உடைமை இல்லாத இடத்திலும் இந்த அன்பு இருக்கிறது என்பதைக் காணியற்றவர்தான் நிரூபிக்கிறார். ஊர் அவரை நேசிக்கவில்லை, அவர் ஊரை நேசித்தார் என்றால் குற்றம் ஊருடையது. அவருக்கும் ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுப்பதுதான் அதற்குப் பதில். அவர் அன்பைக் குறைத்து மதிப்பது பதிலாகாது.

முகாமில் பிறந்த பிள்ளைகள் பற்றியும் சொல்கிறார்கள். பார்க்காத ஊரை எப்படி நேசிப்பது, அது பெற்றோர் ஊட்டிய பழக்கம் என்று. இதைத் தமிழில் சொல்ல எப்படி மனம் வருகிறது? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. சோழன் வடக்கிருந்தபோது தன் நண்பன் வருவான் என்று இடம் ஒதுக்கச் சொன்னான், பாண்டிநாட்டிலிருந்து புலவர் வந்து உடன் உயிர்விட்டார். நட்பின் உச்சத்துக்கு நாங்கள் காட்டும் சாட்சி இந்த இருவர். காணாத நண்பனுக்காக உயிர் விடுவது பெருமை என்றால், காணாத கிணற்றின் தண்ணீர் எப்படி இனிக்கும் என்று தாயின் வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்தக் கிணற்றை நேசிப்பது மட்டும் ஏன் பழக்கதோசம்? காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி இடம்பெயர்ந்த காலத்திலும் அதே பெயரில் இயங்கியது. அந்தப் பெயரைக் கொப்பியில் எழுதிய பிள்ளைகள் அந்தக் கட்டடத்தைக் கண்டதில்லை. எழுதும்போது பொய்யா எழுதினார்கள்?

இன்னொன்று உண்டு, எல்லாவற்றிலும் கனமானது. மண்ணை நேசித்துத்தானே இவ்வளவு சாவு என்கிறார்கள். இந்தக் கேள்விக்கு முன்னால் தமிழர் யாரும் நிமிர்ந்து நின்று பதில் சொல்லிவிட முடியாது. காங்கேசன்துறைச் சனம் வெளியேறிய அதே 1990இல், ஐப்பசி முடிவில், வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மண் மண் என்று பேசியவர்களின் பெயரால் அது நடந்தது. புத்தளத்து உப்புக்காற்றில் ஓலைக் கொட்டிலில் பிறந்து வளர்ந்து, சொந்த ஊர் சோனகதெரு என்று சொல்லும் ஒரு முஸ்லிம் பெண்ணின் அன்பும், கோணப்புலத்தில் பிறந்து காங்கேசன்துறை என்று சொல்லும் பெண்ணின் அன்பும் ஒரே அன்பு. எங்களுடையது அன்பு, அவர்களுடையது வெறும் கோரிக்கை என்று சொல்பவன் ஊரை நேசிக்கவில்லை. வரைபடத்தை நேசிக்கிறான். ஊர் அன்புக்கு ஒரு ஒழுங்கை, ஒரு சந்தி, ஒரு கேணி போதும். அது அடுத்த ஊர்க்காரனுக்கும் அப்படி ஒன்று உண்டு என்பதை லேசாக விளங்கிக்கொள்ளும், ஏனென்றால் அவனுடைய ஊர் எங்கே முடிகிறது என்பதும் அதற்குத் தெரியும். கொலை செய்தது அந்த ஒழுங்கையை அறியாத, பெரிய எழுத்தில் எழுதப்பட்ட தேசப்பற்றுகள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். உயர் பாதுகாப்பு வலயத்துக்குச் சொன்ன காரணமும் ஒரு நாட்டின்மேல் உள்ள அன்புதானே.

இதை நோய் என்று சொல்பவர்களுக்கு நீண்ட பதில் வேண்டாம். 1688இல் பாசல் நகரில் யொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவன், பிறநாட்டில் வாடிய சுவிஸ் மக்களைப் பார்த்து, ஊருக்கு ஏங்குவதை ஒரு வியாதியாக்கி அதற்கு ‘நொஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தான். அவனிடம் ஒரு நேர்மை இருந்தது. மருந்தாக ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொன்னான். எங்களுக்கு வைத்தியம் சொல்பவர்கள் அந்த மருந்தை மட்டும் எழுதுவதில்லை.

கடவுள்மேல் உள்ள அன்பாவது ஊர் கடந்ததா? நாயன்மார் பதிகங்களை எடுத்துப் பாருங்கள். எங்கும் நிறைந்தவன் என்று நம்பியவர்கள்தான் ஒவ்வொரு தலமாகப் போய், அந்தத் தலத்தின் சோலையையும் ஆற்றையும் கடலையும் சொல்லிப் பாடினார்கள். ஞானசம்பந்தர் திருகோணமலைக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் பதிகம் பாடினார். எங்கும் இருப்பவனுக்கு ஊர்ப்பெயர் எதற்கு? அன்பு செய்கிறவனுக்கு ஊர்ப்பெயர் வேண்டும், அதற்காக. மாவிட்டபுரத்து ஐதீகமும் அதையே சொல்கிறது. குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் சுகமடைந்தாள் என்பது கதை. சுகமானவள் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருக்கலாம். தங்கி, தன்னைச் சுகமாக்கிய இடத்துக்கு ஒரு கோயில் எடுத்தாள். அந்தக் கோயிலுக்காகக் காங்கேயன் என்ற முருகனின் சிலை வந்து இறங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று. கதையோ வரலாறோ, இந்த ஊர் தன் பெயரைப் பற்றிச் சொல்ல விரும்பிய கதை ஒரு பெண் ஓர் இடத்துக்குக் காட்டிய நன்றி.

மனுசரா மண்ணா என்று கேட்பதே பிழை. தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தார். அதில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து பிரியும். சீதனத்தால் அழிந்த பெண்கள் அநேகம், அதை மறக்கவில்லை. ஆனால் தாயின் வளவு மகளுக்குப் போகும் அந்த வழக்கில், ஒரு பெண் தன் அம்மா பிறந்த அறையில் பிள்ளை பெற்றாள், அம்மம்மா தண்ணீர் அள்ளிய கிணற்றில் தானும் அள்ளினாள். தாயன்பு அவளிடம் வந்துசேர்ந்த பாதை அந்த மண்தான். கீரிமலையில் ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர், அந்தக் கடல் பூட்டிக் கிடந்த வருசங்களில் தகப்பனிடம் போக வழி இல்லாமல் நின்றார். நட்பு எங்கே இருந்தது? வேலிப் பொட்டுக்குள்ளால் நீட்டிய ஒரு சிரட்டைக் கறியில். வேலி போனால் பொட்டும் போகும்.

எங்கள் ஊரில் அன்புக்கு இருக்கும் சொற்கள் இதை அறிந்தவை. பட்சம் என்போம். உருத்து என்போம், அதில் பாசமும் உரிமையும் ஒன்றாகவே இருக்கும், பிரித்தெடுக்க முடியாது. உருத்துக்காரர் என்றால் செத்தவீட்டில் கேட்காமல் உள்ளே வரக்கூடியவர். சமயம் எதை விடச் சொல்கிறதோ அந்த ஆசையை எடுத்து நாங்கள் உறவின் நெற்றியில் ஒட்டி வைத்திருக்கிறோம்: ஆசையம்மா, ஆசையப்பா, ஆசைமாமி. பற்று இல்லாத அன்பு பெரிதென்று இந்தச் சொற்களை ஆக்கியவர்கள் நினைக்கவில்லை.

கலியாண வீட்டில் அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். “ஒரு கதியாலுக்காகக் கோடேறின சனம். உவையின்ர அன்பு எனக்குத் தெரியாதே?” உண்மை. வேலிச் சண்டையில் பேச்சுவார்த்தை அறுந்த சகோதரர்களை எனக்கும் தெரியும், அதில் சில அசிங்கமானவை. ஆனால் சண்டை இருந்தால் அன்பு இல்லை என்பது எந்த நூலில் இருக்கிறது? ஊடலை அன்பின் சொந்த வீட்டுக்குள், மருதத்தில், உரிப்பொருளாகவே வைத்தவர்கள் நாங்கள்.

என் ஆசையம்மாவும் அவவின் பக்கத்து வளவு மச்சாளும் முகாமில் ஒரே தட்டிக்கு இரு பக்கமும் இருபது வருசத்துக்கு மேல் இருந்தார்கள். ஒருநாளும் சண்டை வந்ததில்லை. சண்டை பிடிக்க அங்கே என்ன இருந்தது. காணி விட்ட அன்று நானும் கூடப் போனேன். வீடு இல்லை, அத்திவாரம் மட்டும். பற்றைக்குள் கத்தி போட்டு வெட்டிக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடி எண்ணி எல்லை பார்த்தோம். வேலியில் கதியாலாக நின்ற பூவரசு ஒன்று பெரிய மரமாகி இருந்தது.

“வேலி உந்தப் பூவரசுக்கு அங்காலை,” என்றா ஆசையம்மா.

“இல்லை, இங்காலை,” என்றா மச்சாள்.

அரை மணித்தியாலம் வெயிலில் நின்று இருவரும் குரல் உயர்த்தினார்கள். காவலரணில் நின்ற ஆமிக்காரன் திரும்பிப் பார்த்தான். மச்சாளின் மகன் பூவரசில் ஒரு கொப்பை வெட்டி, இருவரும் சொல்லாத ஓரிடத்தில் நட்டான். ஆசையம்மா அதைப் பிடுங்கி இரண்டு சாண் தள்ளி ஊன்றி, அடியில் மண்ணை மிதித்தா.

பின்னேரம் பஸ்ஸுக்கு நடக்கும்போது மச்சாள்தான் முதலில் வாய் திறந்தா.

“நாளைக்கும் வருவியோ?”

“வராமல்? நான் வராட்டி நீ கதியாலைத் தள்ளிப் போட்டிடுவாய்.”